படக்கருவி: பழையதும் புதியதும்

நீலகிரி மாவட்டத்தின் குந்தா வட்டத்தைச் சேர்ந்த மலையூர் மஞ்சூர். காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மேலேறும் சாலை 43 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அவ்வூரை அடைகிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றிற்கு அப்பால் சோலைக் காடுகள். மலைமடிப்புகளில் குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள். மஞ்சு என்பது தமிழில் மேகத்தைக் குறிக்கும் பழஞ்சொல். அண்டை மொழியாகிய கன்னடத்தில் அச்சொல் பனிமூட்டத்தைக் குறிக்கும். ஊர்ப்பெயரின் காரணம் எதுவாயினும், பெயர் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை. காலை எட்டு மணிக்குத் தெளிவாக நின்ற மலைமுகடு எட்டரை மணிக்கு மறைந்துவிடும். ஒன்பது மணிக்கு மீண்டும் பாதி தோன்றும். மழைக்காலத்தில் நண்பகலிலும் வீடுகளில் விளக்கெரியும்.

படம் எடுப்பவர்க்கு இத்தகைய ஊர் ஒரு தேர்வுக்கூடம் ஆகும். வெயில் நிறைந்த சமவெளியில் எந்தப் படக்கருவியும் நல்ல கருவியாகவே தோன்றும். அங்கு எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்து, எது பழைய டிஜிட்டல் கேமராவில் எடுத்தது, எது புதியதில் எடுத்தது என்று கேட்டால், பலர் விடை கூற இயலாமல் தயங்குவர். வெண்ணிற மூட்டமும், அதன் நடுவே கரிய சோலையும், மங்கிய ஒளியும் ஒருங்கே அமைந்த இடத்தில்தான் கருவியின் உண்மைத் திறம் வெளிப்படும்.

பள்ளி ஆண்டு மலருக்காகவோ, இயற்கை மன்றத்திற்காகவோ ஒரு படக்கருவி வாங்க எண்ணுவோர் இக்காலத்தில் இரண்டு கூற்றுகளைக் கேட்கின்றனர். புதியது எதுவோ அதுவே சிறந்தது, மெகாபிக்சல் என்னும் எண் எதில் மிகுதியோ அதையே வாங்குக என்பது கடைக்காரர் கூற்று. பழைய கருவிகளின் வண்ணம் இன்றைய கருவிகளுக்கு வாராது, இருபது ஆண்டுகளுக்கு முன் செய்ததே செய்நேர்த்தி உடையது என்பது பழமை விரும்புவோர் கூற்று. இரண்டும் பாதி உண்மையே. பெற்றோரிடமும் பள்ளியிடமும் உள்ள பணம் சிறிது. ஆதலின் பாதி உண்மையை நம்பிச் செலவிடுதல் தகாது.

இம்மாவட்டத்திற்குப் படத்தொழில் புதிதன்று. உதகமண்டலத்தில் 1960ஆம் ஆண்டு அரசுத்துறை நிறுவனமாகத் தோற்றுவிக்கப்பட்டது இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். அது அமைந்த இடம் இந்து நகர் என்றே பெயர் பெற்றது. 'இந்து' என்னும் பெயர் பொறித்த கறுப்பு வெள்ளைச் சுருள்களும், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்-கதிர்ப் படத்தாள்களும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. படச்சுருள் செய்வதற்குத் தூசியற்ற காற்றும் குளிர்ந்த தட்பவெப்பமும் இன்றியமையாதவை. அவை இரண்டும் இம்மலையில் இயற்கையாகவே அமைந்திருந்தன. எனினும் வண்ணச் சுருள்களின் வரவும், பின்னர் டிஜிட்டல் முறையின் வரவும் அத்தொழிலைச் சாய்த்தன. ஆலை மூடப்பட்டு, பல குடும்பங்கள் வாழ்விழந்தன. தொழில்நுட்பம் மாறுவது சிலருக்குச் செய்தி. இம்மலை மக்களுக்கு அது வேலையிழப்பு. உலகின் பெருநிறுவனமாகிய கோடாக்கும் இதற்குத் தப்பவில்லை. அந்நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975ஆம் ஆண்டே முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டினார். அது பதினாயிரம் புள்ளிகளாலான கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடி எடுத்துக்கொண்டது. தன் வீட்டிலேயே பிறந்த குழந்தையைப் பேணாத அந்நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாட நேர்ந்தது.

சாசன் பயன்படுத்திய ஒளியுணரி சி.சி.டி. எனப்படுவது. அதனை 1969ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் கண்டுபிடித்தனர்; அதற்காக 2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். பாயில் கனடா நாட்டில் பிறந்தவர். மஞ்சூரை அடுத்த குந்தா மின்திட்டமும் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவின் உதவியுடன் எழுந்ததே. இரண்டிற்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் நினைவிற்கொள்ள இனிய ஒற்றுமை.

இனி உணரி செய்யும் பணியைக் காண்போர்க்குக் கடைக்காரர் கூற்றின் குறை விளங்கும். உணரி என்பது ஒரு சிறு சிலிக்கன் தகடு. அதில் நெல்வயலின் பாத்திகள்போல நுண்ணிய கட்டங்கள் நிறைந்துள்ளன. ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழும் ஒளியை மின்னாக மாற்றிச் சேர்க்கிறது. மழையில் வைத்த பாத்திரத்தில் சேர்ந்த நீரை அளப்பதுபோல, ஒவ்வொன்றிலும் சேர்ந்த மின் அளக்கப்பட்டு எண்ணாக எழுதப்படுகிறது. பத்து இலட்சம் கட்டங்கள் இருப்பின் அது ஒரு மெகாபிக்சல். எண்ணிக்கை கூடினால் நுணுக்கம் கூடும் என்பது உண்மையே. ஆயினும் அதே பரப்பில் பாத்திரங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வொரு பாத்திரமும் சிறிதாகும்; பெய்த மழையோ கூடாது. படத்திற்கு அடிப்படை சேர்ந்த ஒளி. அதனைத் தீர்மானிப்பவை தகட்டின் பரப்பும், அதன் முன்னுள்ள வில்லையின் அகலமும் ஆகும்.

ஒப்பிடுவதற்கு ஒரே நிறுவனத்தின் இரு கருவிகளை எடுத்துக்கொள்வது நேர்மை. நிக்கான் நிறுவனம் 2004ஆம் ஆண்டு டி70 என்னும் கருவியை வெளியிட்டது. அதே நிறுவனம் 2019ஆம் ஆண்டு இசட்50 என்னும் கருவியை வெளியிட்டது. இரண்டின் உணரியும் ஏறத்தாழ ஒரே பரப்புடையவை. நீளம் 23 மில்லிமீட்டரைச் சற்றுக் கடந்தது, அகலம் 15 மில்லிமீட்டரைச் சற்றுக் கடந்தது. முன்னதில் 6.1 மெகாபிக்சல், பின்னதில் 20.9 மெகாபிக்சல். மூன்று மடங்கிற்கும் மேல் என்று விளம்பரம் முழங்கும். ஆனால் படத்தின் நீளவாக்கில் எண்ணினால் முன்னதில் 3,008 புள்ளிகள். பின்னதில் 5,568 புள்ளிகள். இரண்டு மடங்குகூட இல்லை. ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால், பழைய கருவியின் படம் பத்து அங்குல நீளம் தெளிவாக நிற்கும். பள்ளி மலரின் ஒரு பக்கத்திற்கு அது போதும். கைப்பேசித் திரையில் காண்பதற்கு அதுவே மிகை. சுவரளவு பெரிதாக்கவோ, தொலைவில் நின்ற வரையாட்டின் உருவை மட்டும் வெட்டி எடுக்கவோ விரும்பினால்தான் புதியதன் கூடுதல் புள்ளிகள் பயன் தரும்.

இவ்வளவில் நின்றால் பழமை விரும்புவோர் வென்றனர் என்று தோன்றும். மஞ்சூரின் மாலை வேளை அவர்களை மறுத்துரைக்கும். ஐந்தரை மணிக்கு மேகம் இறங்கித் தேயிலைச் சரிவை மூடுகிறது. கொழுந்து நிறைந்த மூட்டையுடன் தொழிலாளர் எடையிடும் இடத்திற்கு வருகின்றனர். அசையும் மனிதரைக் கலங்காமல் எடுக்க ஷட்டர் விரைந்து மூடவேண்டும். மங்கிய ஒளியோ அது நெடுநேரம் திறந்திருக்க வேண்டும் என்கிறது. இச்சிக்கலைத் தீர்க்க உணரியின் கூருணர்வை உயர்த்துவர், அதனை ஐ.எஸ்.ஓ. என்னும் எண்ணால் அளப்பர். டி70 கருவியில் இவ்வெண் 1600 வரையே செல்லும். அந்த உயர்நிலையில் நிழற்பகுதிகளில் மணல் தூவியதுபோன்ற பொரிகள் தோன்றும். இசட்50 கருவியில் அவ்வெண் 51,200 வரை செல்கிறது. அந்தக் கடைசிப்படி விளம்பரத்திற்கானது. அதில் எடுத்த படம் அச்சேறத் தகுதியற்றது. ஆயினும் 6400 வரை உயர்த்தினாலும் முகம் முகமாகவே இருக்கிறது. பழையதில் எடுக்கவே இயலாத படம் புதியதில் கைகூடுகிறது என்பதே இதன் பொருள்.

இதில் ஒரு வியப்பும் உண்டு. பழைய உணரியின் கட்டங்கள் பெரியவை. புதியதன் கட்டங்கள் சிறியவை. முன்பு கூறிய பாத்திரக் கணக்கின்படி பழையதே வெல்லவேண்டும் அன்றோ? அவ்வாறு நிகழாமைக்குக் காரணம் உண்டு. அக்காலத்து உணரி விழுந்த ஒளியில் ஒரு பகுதியை வீணாக்கியது. சேர்ந்த சிறு மின்னை அளக்கும்போது தானே ஒரு பிழையைக் கலந்தது. இக்காலத்து சீமாஸ் உணரிகளில் நுண்வில்லைகள் ஒளியைச் சிந்தாமல் கட்டத்திற்குள் செலுத்துகின்றன. அளக்கும் சுற்று உணரியிலேயே அமைந்திருப்பதால் அளவுப்பிழையும் மிகக் குறைந்துள்ளது. எண்ணிக்கையில் வந்த வளர்ச்சியைவிட இவ்வமைதியான வளர்ச்சியே பெரிது. எனினும் விளம்பரங்களில் இதற்கு இடமில்லை. இதனை ஒற்றை எண்ணாகப் பெட்டியின்மேல் அச்சிட இயலாது அல்லவா?

மேகமூட்டத்தில் மற்றொரு வேறுபாடும் தெரியும். மூட்டத்திலுள்ள நீர்த்துளிகள் எல்லா நிற ஒளியையும் ஒப்பச் சிதறச் செய்வதால் அது வெண்மையாய்த் தோன்றுகிறது. அவ்வெண்மையைக் காத்தால் சோலை கரியாகிவிடும். சோலையைக் காத்தால் வெண்மை வெறுந்தாளாகிவிடும். படச்சுருள் மிகையொளியை ஓரளவு பொறுத்துக்கொண்டது. டிஜிட்டல் உணரி பொறுக்காது. பாத்திரம் நிரம்பி வழிந்தபின் எவ்வளவு வழிந்தது என்று அறிய வழியில்லை. ஆதலின் அறிந்தோர் ஒளியைச் சற்றுக் குறைத்து எடுத்து, பின்னர்க் கணினியில் நிழற்பகுதியை மட்டும் உயர்த்துவர். டி70 ஒளியின் அளவை 4,096 படிகளாகவும், இசட்50 அதனை 16,384 படிகளாகவும் எழுதவல்லவை. அளவுப்பிழையும் குறைவாகையால் புதியதன் நிழலிலிருந்து இலையும் கிளையும் எழுந்து வருகின்றன. பழையதன் நிழலிலிருந்து எழுவது பெரும்பாலும் பொரிகளே.

குவியத்தைத் தானே சரிசெய்யும் திறத்திலும் முன்னேற்றம் மிகுதி. பழைய கருவி காட்சியின் ஐந்து இடங்களில் மட்டுமே குவியத்தை நோக்கியது. புதியது 209 இடங்களில் நோக்குகிறது. மனிதக் கண்ணை அறிந்து அதனைப் பின்தொடர்கிறது. ஆயினும் அடர்ந்த மூட்டத்தின் முன் இரண்டும் தோற்கும். பற்றிக்கொள்ள ஒரு விளிம்பும் இல்லாதபோது வில்லை முன்னும் பின்னும் அலையும். அவ்வேளையில் பழைய வில்லைகள் பலவற்றில் செதுக்கப்பட்டிருந்த தொலைவளவே துணையாகும். கையால் திருப்பி அளவைப் பொருத்திவிடலாம். புதிய கருவியுடன் விற்கப்படும் சிறு வில்லைகளில் அந்த அளவே இல்லை. வேறு சிலவற்றிலும் பழையது முந்துகிறது. டி70 கருவியின் ஷட்டர் ஒரு வினாடியின் 8,000இல் ஒரு பங்குவரை விரைந்தது. இசட்50 கருவியினது 4,000இல் ஒரு பங்கோடு நிற்கிறது. கண்ணாடி வழியே நேராகக் காட்சியைக் காட்டும் பழைய கருவி மின்கலத்தைச் சிறிதே செலவிட்டது. சிறுதிரையில் காட்சியை இடையறாது காட்டும் புதியது அதனை விரைவில் தீர்த்துவிடுகிறது. குளிர் மின்கலத்தின் ஆற்றலைக் குறைக்கும். ஆதலின் டிசம்பர் மாதத்து உறைபனிக் காலையில் புதிய கருவியுடன் மலையேறுவோர் இரண்டாவது மின்கலம் ஒன்றைச் சட்டைப்பைக்குள் வெதுவெதுப்பாக வைத்திருத்தல் நன்று. நகர்படம் எடுக்கப் பழையதில் வழியே இல்லை என்பதையும் கூறவேண்டும்.

பழைய சி.சி.டி. உணரிக்கே உரிய தனி வண்ணம் உண்டு என்னும் கூற்று ஆராயத்தக்கது. உணரிக்கு நிறம் தெரியாது. கோடாக்கின் பிரைஸ் பேயர் வகுத்த முறைப்படி, கட்டங்களின்மேல் பாதிக்குப் பச்சையும், கால்பங்கிற்குச் சிவப்பும், கால்பங்கிற்கு நீலமும் ஆகிய வடிகட்டிகள் அமைக்கப்படுகின்றன. இடையிலுள்ளதைக் கணக்கீடு நிரப்புகிறது. வண்ணத்தைத் தருவன அவ்வடிகட்டிகளும் கணக்கீடுமே. நீலகிரியின் சாலையோரங்களில் பூக்கும் ஜகராந்தாவின் ஊதா நிறத்தைப் பழைய கருவிகள் பல நீலமாக்கிவிட்டன. புதியவையும் அதில் முற்றும் தேறவில்லை. இன்றைய கணினி மென்பொருளில் பழைய கருவியின் கச்சாப் பதிவைத் திறந்தால், அன்று கிடைத்ததைவிட நல்ல வண்ணம் இன்று கிடைக்கிறது. கருவி முதுமை அடைந்தபின் அதன் படங்கள் மேம்படுவது விந்தையே!

இவ்வளவும் கேட்ட ஒருவர், கையில் கைப்பேசி இருக்கையில் தனிக்கருவி எதற்கு என்று வினவக்கூடும். வினா நியாயமானது. நடுத்தர விலைக் கைப்பேசிகளின் உணரி மேற்கூறிய கருவிகளின் உணரியில் ஏழில் ஒரு பங்குப் பரப்பையும் எட்டுவதில்லை. அக்குறையைக் கைப்பேசி கணக்கால் ஈடுசெய்கிறது. பல படங்களை நொடியில் எடுத்து ஒன்றாக்குகிறது. பல கட்டங்களை ஒன்றாகச் சேர்க்கிறது. 2023ஆம் ஆண்டு வந்த ஒரு கைப்பேசியின் 200 மெகாபிக்சல் உணரி, வழக்கமாகப் பதினாறு கட்டங்களை ஒன்றாக்கி ஏறத்தாழ 12 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. தேயிலையின் கொழுந்தை அருகில் வைத்து எடுப்பதில் கைப்பேசிக்கு ஒரு சிறப்பும் உண்டு: சிறிய உணரியாதலின் முன்னும் பின்னும் உள்ளவை ஒருசேரத் தெளிவாகத் தெரியும்.

ஆனால் கணக்கு ஈடுசெய்வதோடு நிற்பதில்லை. மழைக்கால மூட்டத்தில் தேயிலைக்குக் கொப்புள நோய் வருகிறது. அதன் தொடக்கம் இளந்தளிரில் தோன்றும் ஒளி ஊடுருவும் சிறு புள்ளி. சிறு விவசாயி ஒருவர் அதனைப் படமெடுத்து வல்லுநர்க்கு அனுப்பும்போது, இலையை வழவழப்பாக்கி அழகுபடுத்தும் கைப்பேசி, புள்ளியையும் அழுக்கென்று துடைத்துவிட நேரும். அதுபோலவே வெளிறிய வானத்திற்கு நீலம் ஏற்றி, மேகமூட்டத்தைக் குறைத்து, இல்லாத தெளிவை ஊட்டும் கைப்பேசிகள் உண்டு. மங்கலாக்கப்பட்ட நிலாப்படம் ஒன்றைச் சாம்சங் கைப்பேசியால் எடுத்தபோது, அப்படத்தில் இல்லாத பள்ளங்கள் தெளிவாகத் தோன்றியதும், நிலாவை அறிந்து நுணுக்கத்தைக் கூட்டும் ஏற்பாடு உண்டென்று அந்நிறுவனம் விளக்கியதும் 2023ஆம் ஆண்டு நிகழ்ந்தவை. அழகிற்காயின் தீங்கில்லை. 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் குந்தா வட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய நாளில் மண் சரிந்த சாலையையும் சுவர் இடிந்த வீட்டையும் எடுக்கும் படம் அழகுப்பொருள் அன்று, சான்று ஆகும். இருந்ததை இருந்தவாறு பதிந்து, அதற்குமேல் ஒன்றும் சேர்க்காத படமே அங்கு வேண்டும். கச்சாப் பதிவைத் தரும் தனிக்கருவி, பழையதாயினும், இதில் நம்பத்தக்கது. கைப்பேசியே உள்ளவர்கள் அழகுபடுத்தும் அமைப்புகளை நிறுத்திவிட்டு எடுத்தல் வேண்டும்.

ஆகவே, மழைக்காலமும் மாலை நேரமும் விளையாட்டு விழாவும் எடுக்கவேண்டிய பள்ளிக்குப் புதிய கருவியே தக்கது. அதற்காகும் செலவு வீண் அன்று. நிலத்தோற்றமும் செடிகொடியும் தாங்கியில் நிறுத்தி எடுக்கும் இயற்கை மன்றத்திற்கு, சிறு விலைக்குக் கிடைக்கும் பழைய கருவி போதும். மிஞ்சிய பணத்தை ஒரு நல்ல வில்லைக்கும் உறுதியான தாங்கிக்கும் செலவிடலாம். உணரி சில ஆண்டுகளில் பழமையடையும். வில்லை அவ்வளவு விரைவில் பழமையடையாது.

பழையதை வாங்குவோர் இரண்டைப் பார்க்கவேண்டும். டி70 போன்றவற்றிற்கு வேண்டிய காம்பாக்ட் ஃபிளாஷ் நினைவட்டை இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கருவியுடனேயே அதனைக் கேட்டுப் பெறுதல் நலம். அடுத்தது பூசணம். மலையின் ஈரத்தில் பல ஆண்டுகள் தோல் உறைக்குள் அடைந்து கிடந்த வில்லையினுள் வெண்ணிற நூல்கள்போலப் பூசணம் படர்ந்திருக்கும். அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். வில்லையின் ஒருபுறம் கைவிளக்கைப் பிடித்து மறுபுறம் நோக்கினால் அது தெரிந்துவிடும். தூய வில்லையே கிடைத்தாலும், ஜூன் மாதம் பிறக்குமுன் அதனைத் தோல் உறையிலிருந்து எடுத்து, காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, பொட்டலங்களை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தி வரவேண்டும்.